முதலில் குற்றம், பிறகு குதிரை

குதிரையை வாடகைக்கு விடுகிற மனுஷன் தன் குதிரையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுவானா, மாட்டானா? எங்கள் பாய் சொல்ல மாட்டார். வாயைத் திறந்தால் குற்றம்தான் வரும்.

"சார், ஏறுறதுக்கு முந்தி கேட்டுக்குங்க. வெள்ளையா நிக்கிறாளே, இவ பேரு ராணி. கல்யாண ஊர்வலத்துல இருந்தவ. வூட்டு வாசலப் பாத்தா நின்னுடுவா. உள்ளேருந்து யாராச்சும் வந்து மூஞ்சியக் காட்டுனாத்தான் நகருவா. அந்தச் செவலை, சேட்டு. குடைய விரிச்சா ஓடிப்போயிடுவான். எந்தப் பக்கம் ஓடுவான்னு எனக்கே தெரியாது. கடிக்க மாட்டான், ஆனா போன மாசம் ஒருத்தரு தொப்பியத் தின்னுட்டான். இப்ப சொல்லுங்க, ஏறுறீங்களா?"

வந்தவர் ஏறுவாரா? பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், என் வேனைப் பார்ப்பார். "டிரைவர், இங்க பக்கத்துல கோயில் ஏதாவது இருக்கா?" என்பார். எனக்கு வயிறு எரியும்.

ஏனென்றால் அந்த ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்பது நான். அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்குவதும், திரும்பப் பெரம்பலூரோடு சேர்ப்பதும், மறுபடி பிரிப்பதுமாக இருந்த வருஷங்கள் அவை. பெரம்பலூர் ஆபீஸ்காரர்கள், அரியலூர் சிமெண்ட் ஆலைக் குடும்பங்கள் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கேயாவது போகத் துடிப்பவர்களை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு பூலாம்பாடிக்கு மேற்கே, பச்சைமலை அடிவாரம் வரைக்கும் கொண்டுவருவேன். அங்கே ஒரு புளியந்தோப்பு ஓரம் கொட்டகை போட்டு, இரண்டு குதிரைகளோடு பாய் இருப்பார். பிள்ளைகளும் பெரியவர்களும் மாறி மாறிக் குதிரையில் ஏறிக்கொள்ள, மற்றவர்கள் கூடவே நடக்க, ஊர்ப்பாதை வழியாக மேலே இருக்கும் மலைக்கிராமத்துக்குக் கூட்டிப்போவார். அங்கே சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டு, பலாமரத்தடியில் ஒரு தூக்கம் போட்டு, வெயில் தாழக் கீழே இறங்குவார்கள். போனவர் எல்லாரும் சிரித்த முகமாகத்தான் வேனில் ஏறுவார்கள். போக வைப்பதுதான் பாடு.

"பாய், நீங்க யாவாரம் பண்றீங்களா, ஆள வெரட்டுறீங்களா?" என்று நான் கத்தாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

"ஏறுறதுக்கு முந்தி சொன்னா அது சேதி, மாப்ள. ஏறுனதுக்கு அப்புறம் சொன்னா அது சண்டை" என்பார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ராணியின் கழுத்துப் பட்டையை விரல் விட்டுப் பார்த்துக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்வார். அவர் லெப்பைக்குடிக்காட்டுக்காரர், நான் பூலாம்பாடி. பழகிய இரண்டாவது வாரமே என்னை மாப்ள ஆக்கிவிட்டார். நாற்பது வயசு இருக்கும். கழியாட்டம் உயரம், சதை என்பதே கிடையாது. தோளில் ஒரு துண்டு, கையில் சாட்டை இல்லை. குதிரைகளை நடக்கச் சொல்ல "யல்லா, யல்லா" என்பார், அவ்வளவுதான்.

குதிரையோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருத்தர் வடையை எடுக்கக் கையை நீட்டினால், "அது காலையில போட்டதுங்க, பஜ்ஜி இப்பத்தான் எறங்குது" என்பார், கடைக்காரர் எதிரிலேயே. கடைக்காரர் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "பாய், ஒங்களுக்கு டீ கொட்டகைக்கே வந்துடும். இங்க மட்டும் வராதீங்க, நல்லா இருப்பீங்க." பாய் மனசு நோகவில்லை. அதன்பிறகு கொட்டகையிலேயே டீ குடித்தார். அந்த டீயில் சர்க்கரை போதவில்லை என்று கொண்டுவந்தவரிடம் சொல்லியும் அனுப்பினார்.

என் கல்யாணத்தில் இந்த வாய் விளையாடாமல் இருக்குமா? வேப்பந்தட்டையிலிருந்து பெண் வீட்டார் என்னைப் பற்றி விசாரிக்க வந்தார்கள். ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் இருக்க, என் மாமனாராக வரப்போகிறவர் நேரே கொட்டகைக்குப் போய் இவரைக் கேட்டிருக்கிறார். இவர் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா?

"கோவக்காரன். பசி வந்துட்டா எதிர்ல நிக்கிறது யாருன்னு பாக்க மாட்டான். வேன் மேல வெச்சிருக்குற பாசம் பெத்தவங்க மேல இருக்குதான்னு எனக்குச் சந்தேகம். குடி கெடையாது. பொய் சொல்லுவான், ஆனா சொல்லத் தெரியாது, மாட்டிக்குவான்."

விஷயம் தெரிந்ததும் அவரை வெட்டிப் போட்டுவிடலாம் என்று இருந்தது எனக்கு. அன்று சாயங்காலமே பெண் வீட்டில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். குற்றம் இவ்வளவுதான் என்றால் தாராளமாகப் பெண்ணைக் கொடுக்கலாம் என்று மாமனார் முடிவு பண்ணினாராம். இன்றைக்கும் நான் பசியில் குரலை உயர்த்தினால் என் மனைவி, "பாய் அப்பவே சொன்னாரு" என்று தட்டை எடுத்து வைக்கிறாள்.

யோசித்துப் பார்த்தால் அவர் வாயால் ஓடிப்போனவர்கள் உண்டே தவிர, ஏறிய பிறகு குறை சொன்னவர் யாரும் கிடையாது. அரியலூரிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். சைக்கிளில் விழுந்ததிலிருந்து உயரமான எதிலும் ஏறுவதில்லை என்று வழியெல்லாம் என்னிடம் புலம்பிக்கொண்டு வந்தவர். பாய் வழக்கம்போல ஆரம்பித்தார். குடை, தொப்பி, வாசல், வழியில் இருக்கும் சறுக்குப் பாறை எல்லாவற்றையும் அடுக்கினார். டீச்சரம்மா கண் கொட்டாமல் கேட்டார். "வேற?" என்றார். "வேற ஒண்ணும் இல்லைங்க." "நெசமா?" "அல்லா மேல சத்தியமா." "அப்ப ஏத்தி விடுங்க" என்று செருப்பைக் கழற்றி வேனில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாதான் அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் பாதி ஆட்களை அழைத்துக்கொண்டு வந்தது.

ராணியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துறையூர்ப் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விடுகிற ஒருவரிடமிருந்து வாங்கியது. ஊர்வலத்தில் வீட்டுக்கு வீடு நிறுத்துவார்கள், பெண்கள் வெளியே வந்து மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள், குதிரைக்கு ஒரு துண்டு வெல்லம் கிடைக்கும். அதுக்கு அதுவே பழகிவிட்டது. மலைக்கிராமத்தில் வரிசையாக வீடுகள். ராணி ஒரு வாசலையும் விடாது. போகப் போக அங்கே இருந்த பெண்கள் பழகிக்கொண்டார்கள். குளம்புச் சத்தம் கேட்டாலே அடுப்பை விட்டுவிட்டு எழுந்து வந்து, "வந்துட்டியாடி" என்று முகத்தைக் காட்டிவிட்டுப் போவார்கள். மேலே உட்கார்ந்திருக்கிற டவுன் ஆட்களிடம் இரண்டு வார்த்தை பேசுவார்கள், பலாச்சுளை கொடுப்பார்கள். வீடு பூட்டியிருந்தால்தான் வம்பு. அப்போது பாயே அந்த வாசல்வரை நடந்து போய், திரும்பி, வீட்டுக்காரர் மாதிரி வெளியே வந்து, "வாம்மா, வா, நல்லா இருக்கியா?" என்று ராணியைக் கேட்பார். ராணி நம்பிவிடும். அடுத்த வாசலுக்கு நடக்கும்.

இப்படி எல்லாவற்றையும் போட்டு உடைக்கிற மனுஷன் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டார். "பாய், லெப்பைக்குடிக்காட்டுல வூட்டுக்கு வூடு அரபுநாட்டுக்குத்தான் போறாங்க, நீங்களும் போயிட்டு வந்தவருதான். குதிரை எங்க பழகுனீங்க?" என்று கேட்டால், "அங்கதான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

அந்தப் பதிலும் ஒருநாள் வந்தது. ஒரு புதன்கிழமை, வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். பாய் வந்து பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது. அவர் வீட்டுக்காரம்மாவின் அண்ணன், பெரிய மச்சான், அரபுநாட்டிலிருந்து லீவில் வந்திருக்கிறாராம். வரும்போது தங்கச்சி புருஷனுக்கு ஒரு விசாவோடு வந்திருக்கிறார். கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை.

"நல்ல சேதிதான?" என்றேன், மனசுக்குள் பகீர் என்று இருந்தாலும்.

"மாப்ள, நான் அங்க சூப்பர்வைசரா இருந்தேன்னு வூட்டுல எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

"இல்லையா?"

"லாயத்துல சாணி அள்ளிக்கிட்டு இருந்தேன். பன்னெண்டு வருசம். ஒரு பெரிய மனுசரோட குதிரைங்க. குளிப்பாட்டுவேன், தீனி வெப்பேன், சாணி அள்ளுவேன். மொத தடவ ஊருக்கு வந்தப்ப மாமனாரு நாலு பேரு முன்னாடி என்ன வேலைன்னு கேட்டாரு. வாயில சூப்பர்வைசருன்னு வந்துடுச்சு. அப்புறம் மாத்த முடியல."

சூப்பர்வைசர் வேலையில் போய் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் குட்டு உடைந்துவிடும். போகவில்லை என்றால், கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் குதிரை மேய்க்கிற பைத்தியக்காரன் என்று மச்சான் வீடு முழுக்கச் சொல்வார். உண்மையைச் சொன்னாலோ, இத்தனை வருஷம் பெண்டாட்டியை ஏமாற்றினவன் ஆகிவிடுவார்.

"மச்சான் என்ன சொல்றாருன்னா, ஞாயித்துக்கிழமை வந்து இந்தத் தொழிலப் பாக்குறாராம். அவருக்குப் புடிச்சிருந்தா விசாவ வேற ஆளுக்குக் குடுத்துடுவாராம். புடிக்கலேன்னா நான் பெட்டியக் கட்டிடணும். வூட்டுலயும் கூட வர்றா."

"பாய், கும்புடுறேன், அன்னிக்கு ஒருநாள் வாயத் தொறக்காதீங்க. ராணியப் பத்தியும் சொல்லாதீங்க, சேட்டப் பத்தியும் சொல்லாதீங்க. ஏத்துங்க, எறக்குங்க, அனுப்பி வையுங்க."

தலையை ஆட்டினார். எனக்கு அந்த மனுஷன் ஊரை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். என் பிழைப்புக்காக மட்டும் சொல்லவில்லை. அவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ், வேன் முழுக்க அத்தர் வாசனை. பாயின் வீட்டுக்காரம்மாவை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். முக்காடு போட்ட, மெலிந்த, அமைதியான அம்மாள். "அக்கா, குதிரையில ஏறுறீங்களா?" என்று கேட்டேன். "இல்ல தம்பி, நான் நடந்தே வரேன்" என்றார். அண்ணன் எதிரில் பேச்சுக்குப் பேச்சு தலையைக் குனிந்துகொண்டார்.

பாய் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு வார்த்தை பேசாமல் மச்சானை ராணி மேல் ஏற்றினார். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார், பாவம். சேட்டின் மேல் சாப்பாட்டுப் பையைக் கட்டினோம். நானும் வேனைப் பூட்டிவிட்டுக் கூடவே நடந்தேன்.

மலையேறுகிறவரை எல்லாம் அருமை. ஓடையைத் தாண்டியபோது மச்சான் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். "பரவாயில்லையே!" என்றார். நான் பாயைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

கிராமம் வந்தது. முதல் வீட்டு வாசலில் ராணி நின்றது.

மச்சான் கடிவாளத்தை இழுத்தார், குதிகாலால் இடித்தார். அசையவில்லை. வீட்டுக்காரி வந்தாள், "அடி என் ராணி, இன்னிக்கு யாருடி ஒன் மாப்பிள்ள?" என்றாள். ராணி நகர்ந்து அடுத்த வாசலில் நின்றது. அங்கேயும் ஒருத்தி வந்தாள். மூன்றாவது வீட்டில் ஒரு கிழவர் மச்சானை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு வயசு கொஞ்சம் கூடதான். பொண்ணு எந்த ஊரு?" என்று கேட்டார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாயின் வீட்டுக்காரம்மா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். தோள் குலுங்கியது. மச்சான் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

நாலாவது வீடு பூட்டியிருந்தது.

ராணி நின்றது நின்றதுதான். மச்சான் "ஹை ஹை" என்று கத்தினார், தட்டினார், திட்டினார். பாய் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். வேறு வழியில்லாமல் பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்த வாசலுக்குப் போனார். திரும்பினார். வீட்டுக்காரர் மாதிரி வெளியே வந்து, "வாம்மா, வா, நல்லா இருக்கியா?" என்றார்.

"என்னய்யா இது கூத்து!" மச்சான் போட்ட சத்தத்தில் சேட்டு பின்வாங்கியது. "கம்பெனில அம்பது பேர வெச்சு வேல வாங்குன மனுசன்! குதிரைக்கு முன்னாடி கோமாளி வேஷம் போட்டுக்கிட்டு நிக்கிறியே! ஒண்ணும் பேசாத. அடுத்த வாரம் பெட்டியக் கட்டு."

பாய் வாசலிலேயே நின்றார். பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

"மச்சான், மொதல்லயே சொல்லியிருக்கணும். இவ வூட்டப் பாத்தா நிப்பா. இன்னிக்குன்னு பாத்து மறைச்சுட்டேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னொண்ணும் மறைச்சுட்டேன். நான் அங்க சூப்பர்வைசரு இல்ல. ஒரு ஆளக்கூட வேல வாங்குனதில்ல. லாயத்துல சாணி அள்ளுனேன். பன்னெண்டு வருசமும் அதான் வேல. நீங்க வாங்கியாந்த விசாவுக்கு நான் ஆளு இல்ல."

இதைச் சொல்லும்போது அவர் மச்சானைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரம்மாவைத்தான் பார்த்தார். மச்சான் கடிவாளத்தை நழுவ விட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார் அக்கா.

பாய்க்குக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். அப்படியே நின்றார்.

"மொத லீவுல வந்தப்பவே தெரியும். ஒங்க பனியனத் தொவச்சது நான்தான? தையல்ல எல்லாம் முடி. மனுச முடியா அது? நெளிவு இல்லாம, முரடா. ஒவ்வொரு லீவுக்கும் பெட்டியத் தொறந்தா அந்த வாசன. கம்பெனி ஆபீஸ்ல குதிரையா கட்டிப் போட்டிருப்பாங்க?"

"அப்ப ஏன் கேக்கல?" பாய் வாசல்படியை விட்டு இறங்கினார்.

"ஒங்களுக்கு அதச் சொல்றப்ப முகம் எவ்வளவு சந்தோசமா இருக்கும்! எங்க அத்தா முன்னாடி நிமிந்து உக்காந்து சொல்லுவீங்க. கெடுக்க மனசு வரல."

மச்சானுக்குக் கோபம் தங்கச்சி பக்கம் திரும்பியது. "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா என்னைய விசாவுக்கு அலைய விட்ட?"

"நீ என்னைய எங்கண்ணே கேட்ட? வாங்கிட்டேன்னுதான வந்து சொன்ன." அக்கா குரலை உயர்த்தவில்லை. ஆனால் தலையைக் குனியவும் இல்லை. "பன்னெண்டு வருசம் நான் தனியா ஒக்காந்து சோறு தின்னிருக்கேன். நோம்பு தொறக்கிறப்பகூட எதிர்ல ஆளு கெடையாது. சாணி அள்ளுனா என்ன, ஆபீஸ்ல ஒக்காந்தா என்ன, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுலயும் இவுங்க வூட்டுல இல்ல."

மூன்றாவது வீட்டுக் கிழவர், "அது சரி" என்றார். அவர் பெண்டாட்டி அவரை முழங்கையால் இடித்தாள்.

மச்சான் நல்ல மனுஷர்தான், அதையும் சொல்ல வேண்டும். தங்கச்சிக்காகத்தான் அத்தனை அலைச்சலும். ராணியின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "என்னைய யாராச்சும் எறக்கி விடுங்கப்பா" என்றார். நானும் கிழவரும் இறக்கிவிட்டோம். அவர் போய்ப் பலாமரத்தடியில் உட்கார்ந்தார். ஒரு பெண் சுளை கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். "அப்ப அந்த விசா?" என்று பொதுவாகக் கேட்டார்.

அக்கா கிராமத்துக்கு மேலே, கடைசி வீட்டைத் தாண்டி ஏறுகிற ஒற்றையடிப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கும் மேல போலாமா?" என்று பாயிடம் கேட்டார்.

பாய் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். "போலாம். உச்சியில நின்னா நம்ம ஜில்லாவே தெரியும். ஆனா குதிரை ஏறாது. நடக்கணும். செங்குத்து. கல்லெல்லாம் உருளும், காலு சறுக்கும்."

"சறுக்குனா புடிங்க" என்று அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "அதுக்குத்தான இங்கயே இருக்கப் போறீங்க?"